பொம்மையை நான் படுக்க வைத்திருக்கக் கூடாது

அமெரிக்காவில் செவிலியர் வேலையை விட்டு ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மரண விசாரணையாளராகச் சேர்ந்த எனக்கு, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளின் திடீர் மரணங்களை விசாரிக்கும் பயிற்சி இரண்டாம் முயற்சியில்தான் வாய்த்தது. மேலதிகாரியின் ஒப்புதல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று தொலைபேசியில் சொன்ன அலுவலர், நான் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் நின்றபோது அசல் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். போகிறவர்கள் அசலைக் கையோடு கொண்டுபோங்கள்.

வகுப்புகளில் சிரமமில்லை. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 1996இல் வெளியிட்டு 2006இல் திருத்திய விசாரணைப் படிவத்தை வரிவரியாகப் படித்தோம்.

நான் சறுக்கியது ஒத்திகை வீட்டில். குழந்தையைக் கடைசியாகப் படுக்க வைத்தவர் எப்படி வைத்தார், கண்டெடுத்தவர் எப்படிக் கண்டார் என்பதை அவரவரே பொம்மையை வைத்துக் காட்ட, இரண்டு நிலைகளையும் நாம் படமெடுக்க வேண்டும். தாயாக நடித்த பெண் பொம்மையைத் தொடவே மறுத்து அழுதார். பத்து ஆண்டு செவிலியர் பழக்கம் விடுமா? இரக்கப்பட்டு, "இப்படித்தானே?" என்று கேட்டபடி நானே பொம்மையைக் குப்புறப் போட்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிவைத்தேன், அவரும் தலையாட்டினார். பயிற்சியாளர் அப்போது குறுக்கிடவில்லை. பிறகு உடற்கூராய்வுக் குறிப்பை நீட்டினார்: முகத்தில் இரத்தம் தேங்கிய நிறம், மூக்கையும் வாயையும் சுற்றி மட்டும் வெளுப்பு. இறந்தபின் இரத்தம் கீழ்ப்பக்கத்தில் தேங்கும், அழுந்திய இடம் மட்டும் வெளுத்திருக்கும். அப்படியென்றால் முகம் நேராக மெத்தையில் அழுந்திக் கிடந்திருக்கிறது. "உங்கள் படத்தில் இருப்பது அவர் கண்டதா, நீங்கள் நினைத்ததா?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை.

மறுநாள் பொம்மையைப் பையிலேயே வைத்துவிட்டு, என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்பதை முதலில் சொன்னேன். யார்மீதும் பழிபோடுவதற்காக அல்ல என்றும் சொன்னேன். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த மௌனம்தான் மிகக் கடினம். கடைசியில் தாயாக நடித்தவரே கைநீட்டி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் பிடரியைத் தாங்கிப் பொம்மையை வாங்கிக்கொண்டார்.

தேறிவிட்டேன். மதிப்பீட்டுத் தாளில் ஒரே ஒரு குறை எழுதியிருந்தது: அறையின் வெப்பநிலையை ஏன் குறிக்கவில்லை? வெப்பமானி அந்தப் பொம்மைப் பையிலேயேதான் கிடந்தது.