‘ஈடுபடவில்லை’ என்று மூடப்பட்ட கோப்புகள்

லண்டனின் ஓரத்தில் இருக்கும் ஒரு கவுன்சிலில், கண்காணிப்புக் குழுவின் அலுவலராகப் பல வருடங்கள் வேலை செய்தேன். ஸ்குருட்டினி என்பார்கள். கவுன்சிலை நடத்தும் கவுன்சிலர்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். அவர்கள் செய்ததைக் கேள்வி கேட்பதற்கென்றே இன்னொரு பக்கம் சிலர் உட்காருவார்கள். அந்த இரண்டாவது பக்கத்துக்கு அறிக்கைகளைத் தேடி எடுத்து, வாசித்து, எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று குறிப்பெழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. குப்பை அள்ளுவதிலிருந்து நூலகம் திறக்கும் நேரம் வரை எல்லாமே எங்கள் மேசைக்கு வரும். குடும்ப வன்முறை வருடத்தில் ஒரு மாலை வரும்.

அந்த மாலை சட்டத்தால் வருவது. பொலிஸ், கவுன்சில், தீயணைப்பு, நன்னடத்தைச் சேவை, சுகாதாரம் என்று எல்லோரையும் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பாக ஒரே மேசையில் உட்கார வைத்தது, பின்னர் திருத்தப்பட்ட 1998ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கூட்டமைப்பை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது கவுன்சிலர்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது 2009இல் நடைமுறைக்கு வந்த விதி. கூட்டம் இரண்டு மணி நேரம். கத்திக்குத்து முதலில் வரும், பிறகு வீடு உடைத்துத் திருடுவது, பிறகு தெருவில் கூடி நின்று சத்தம் போடுவது. இவற்றைப் பற்றி வாக்காளர்கள் கவுன்சிலர்களுக்கு ஈமெயில் போடுவார்கள். வீட்டுக்குள் அடி வாங்குகிறவர் கவுன்சிலருக்கு ஈமெயில் போடுவதில்லை. குடும்ப வன்முறை அறிக்கையைத் திறக்கும்போது இரவு எட்டரை ஆகியிருக்கும், சிலர் கோட்டைப் போடத் தொடங்கியிருப்பார்கள்.

அறிக்கையின் நடுவில் ஒரு அட்டவணை. பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆதரவுச் சேவைக்கு எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேருக்கு உதவி கிடைத்தது, எத்தனை கோப்புகள் மூடப்பட்டன. பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. மூடப்பட்ட கோப்புகளின் காரணங்களில் ஒன்று ‘ஈடுபடவில்லை’. அதாவது, சேவை கையை நீட்டியது, அந்தப் பெண் பிடிக்கவில்லை. மூன்று வருடம் அந்த வரியை நான் அப்படியே குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். கேள்வி எதுவும் போடவில்லை. அந்த வரிக்குப் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. யாருடைய தோல்வியாகவும் அது எண்ணப்படவில்லை என்பதால் எங்கள் கண் அதில் நிற்கவில்லை.

நான்காவது வருடம், குழுவின் தலைவர் அறிக்கை மட்டும் போதாது, உதவி பெற்ற சிலரிடம் கேட்க வேண்டும் என்றார். எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்துக் கேட்க முடியாது, அழைக்கவும் கூடாது. சேவை நடத்தும் அமைப்பு, விருப்பமானவர்களை மட்டும் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த இடத்தில், ஆதரவு ஊழியர் பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்தது. பெயர் எழுத மாட்டோம், தனிப்பட்ட வழக்கைப் பேச மாட்டோம் என்பது ஒப்பந்தம். கண்காணிப்புக் குழுவுக்குத் தனி வழக்குகளில் கை வைக்கும் அதிகாரமும் கிடையாது. கேட்கலாம், பரிந்துரைக்கலாம். அதோடு சரி.

தமிழ்ப் பெண் ஒருவர் இருக்கிறார், நீங்கள் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அவரே சொன்னதாகச் சொன்னார்கள். போனேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். முதல் தடவை பொலிஸ் வந்து போன பிறகு சேவையிலிருந்து அழைப்பு வந்ததா என்று கேட்டேன்.

“வந்தது அக்கா. மூண்டு நாள் வந்தது. நம்பர் இல்லாமல் வந்தது. பின்னேரம் ஆறு மணிக்கு.”

“நீங்கள் எடுக்கேல்லையா?”

“ஆறு மணிக்கு அவர் வீட்டிலதானே. போன் மேசையில கிடக்கும். நம்பர் இல்லாத கோல் வந்தால், ஆர் எண்டு கேட்பார். நான் அவருக்கு முன்னாலேயே கட் பண்ணிக் காட்டினன். மூண்டு தரமும்.”

அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோப்பையை வைத்துவிட்டு, பெருவிரலால் காற்றில் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டினார். அந்த விரல் அசைவு எங்கள் அட்டவணைக்கு வந்து சேரும்போது ‘ஈடுபடவில்லை’ ஆகிவிட்டிருந்தது. அவர் அழைப்பைத் துண்டித்தது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அந்த வீட்டில் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மிகப் புத்தியான காரியம் அதுதான்.

சேவையின் மேலாளரிடம் பிறகு கேட்டேன். ஊழியர்களின் எண் தெரியக்கூடாது என்பது அவர்களுடைய பாதுகாப்புக்கான விதி, அதனால் எண் மறைக்கப்படுகிறது. மூன்று தரம் முயற்சி செய்து கிடைக்காவிட்டால் மூடலாம் என்பது ஒப்பந்தத்தில் உள்ள விதி. மாலையில் அழைத்தது, பகலில் அந்த ஊழியர் நீதிமன்றத்தில் இருந்ததால். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. அந்த மேலாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் போதாமல், அடுத்த வருட நிதி வருமா என்று தெரியாமல் வேலை செய்கிறவர்கள் அவர்கள்.

குடும்ப வன்முறையில் ஒருவர் இறந்தால் மறுஆய்வு நடத்த வேண்டும் என்பது இங்கே 2011 ஏப்ரலிலிருந்து சட்டம். வெளியிடப்படும் அந்த அறிக்கைகளை வேலைக்காக நிறைய வாசித்திருக்கிறேன். வாசித்தவற்றில் திரும்பத் திரும்ப வந்த சொல் இதுதான். அழைத்தோம், ஈடுபடவில்லை. கடிதம் போட்டோம், ஈடுபடவில்லை. கடிதத்தை வீட்டில் முதலில் பிரிப்பவர் யார் என்று பல பக்கங்கள் தாண்டித்தான் யாராவது கேட்டிருப்பார்கள்.

அதே சந்திப்பில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஆபத்தை அளக்க இங்கே டாஷ் என்று ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது, 24 கேள்விகள். 14 அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ வந்தால் பொதுவாக அதி ஆபத்து என்று எடுத்து, மாராக் என்ற பல துறைக் கூட்டத்துக்கு அனுப்புவார்கள். 2003இல் கார்டிஃபில் தொடங்கி நாடெங்கும் பரவிய கூட்டம் அது. பட்டியலில் ஒரு கேள்வி, நீங்கள் செய்யும் எல்லாவற்றையும் அவர் கட்டுப்படுத்தப் பார்க்கிறாரா என்பது. தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர், “அவர் கட்டுப்பாடான ஆளா?” என்று கேட்டிருக்கிறார்.

கட்டுப்பாடான குடும்பம், கட்டுப்பாடாக வளர்த்த பிள்ளை என்று நாம் பெருமையாகச் சொல்லும் சொல் அது. இவர் யோசித்தார். குடித்துவிட்டு அடிக்கிற மனிதரை எப்படிக் கட்டுப்பாடான ஆள் என்று சொல்வது? “இல்லை” என்றார். உண்மையைத்தான் சொன்னார். பட்டியலில் ஒரு ‘ஆம்’ குறைந்தது.

நான் பேச்சோடு பேச்சாக, “உங்கட பாங்க் கார்ட் ஆரிட்ட இருக்கு?” என்று கேட்டேன்.

“அவரிட்டத்தான். நான் வேலைக்குப் போகத் தொடங்கின நாளிலையிருந்து.”

ஆதரவு ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். பணத்தைப் பிடித்து வைப்பதும் வன்முறை என்று 2021ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வரைவிலக்கணத்திலேயே சொல்கிறது. கட்டுப்படுத்தி, மிரட்டி நடத்துவது 2015இலிருந்து தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. சட்டம் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல்லில் இடறி அது வாசலில் நின்றுவிட்டது.

அந்த வருடம் நான் எழுதிய குறிப்பு பழைய குறிப்புகளைப் போல் இருக்கவில்லை. குழுவும் அதைப் பிடித்துக்கொண்டது. முதலில் நிகழ்ச்சிநிரலில் குடும்ப வன்முறையை ஏழு மணிக்குக் கொண்டுவந்தார்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஏழு மணிக்குக் கேட்கும் கேள்வியும் எட்டரைக்குக் கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல. வழக்கமாக அதிகம் பேசாத ஒரு கவுன்சிலர், முன்பு பள்ளியில் வரவேற்பு மேசையில் இருந்தவர், பொலிஸ் அதிகாரியைப் பார்த்து, “வீட்டுக்குப் போகும் உங்கள் அலுவலர், இவரை எப்போது, எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று கேட்கிறாரா? அதை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இருக்கிறதா?” என்று கேட்டார். அதிகாரி படிவத்தைப் புரட்டினார். தொலைபேசி எண்ணுக்குப் பெட்டி இருந்தது. நேரத்துக்கு இல்லை.

பாதுகாப்பு இல்லத்தில் இடம் கிடைக்காதவர்களைப் பற்றிக் கேட்டபோது பேச்சு வேறு பக்கம் இழுத்தது. பாதுகாப்பான தங்குமிடத்தில் ஆதரவு கொடுக்கும் கடமையை 2021 சட்டம் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது, ஆனால் லண்டனில் அந்த முதன்மைக் கடமை பெருநகர ஆணையத்துக்கு உரியது. எங்களைப் போன்ற கவுன்சில்கள் ஒத்துழைக்க வேண்டியவை. அதனால் யாரிடம் கேட்டாலும் அடுத்த கட்டடத்தைக் காட்டினார்கள். துணைவர் விசாவில் வந்து பொதுநிதிக்கு, அதாவது அரசின் உதவித்தொகைக்கும் வீட்டு உதவிக்கும், உரிமையில்லாத பெண்களின் நிலை இன்னும் மோசம். அந்த உதவிகளைப் பெற உள்துறை கொடுக்கும் சலுகை மூன்று மாதம். மூன்று மாதத்துக்குள் புதிய ஊர், பிள்ளைக்குப் பள்ளி, வக்கீல், நிரந்தர வதிவிட விண்ணப்பம். அதை மாற்றும் அதிகாரம் எங்கள் மண்டபத்தில் இருக்கவில்லை. எத்தனை பேர் இந்தக் காரணத்தால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று எண்ணச் சொல்லும் அதிகாரம் இருந்தது. அதைப் பரிந்துரையில் சேர்த்தோம்.

மொத்தம் நான்கு பரிந்துரைகள். முதல் தொடர்பிலேயே பாதுகாப்பான நேரத்தைக் கேட்டு எழுத வேண்டும். ‘ஈடுபடவில்லை’ என்ற வரியை உடைத்து, ஏன் என்று காட்ட வேண்டும். கேள்விப் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் கேட்காமல் வாழ்க்கையைக் கேட்க மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர்களைக் காரணத்தோடு எண்ண வேண்டும். கூட்டமைப்பில் உள்ளவர்கள் 28 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி. பதில் வந்தது. மூன்றை ஏற்றார்கள். மொழிபெயர்ப்பாளர் பயிற்சியைக் கொள்கையளவில் ஏற்பதாக எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்றொடருக்கு நிதி இல்லை என்று பொருள். எனக்கு அன்று கோபம் வந்தது, இன்றும் ஆறவில்லை.

அடுத்த வருடம் புதிய அட்டவணை வந்தது. ஒரு வரி இருந்த இடத்தில் ஐந்து வரிகள். புதிதாகத் தேர்வான ஒருவர், “போன வருடத்தைவிட நிலைமை மோசமாகிவிட்டதே” என்றார். தலைவர் அமைதியாக, போன வருடம் நாம் இதைப் பார்க்கவில்லை என்றார்.

பிறகு சேவை மேலாளர், பெயரும் எண்ணும் இல்லாமல், புதிய பெட்டியில் பெண்கள் சொன்ன நேரங்கள் சிலவற்றை வாசித்துக் காட்ட அனுமதி கேட்டார். வேலையிடத்து மதிய இடைவேளையில் மட்டும். வெள்ளிக்கிழமை, அவர் ஜிம்முக்குப் போன பின். என் எண்ணில் வேண்டாம், பள்ளி வரவேற்பு மேசைக்கு எடுங்கள். கடைசியாக ஒன்றை வாசித்தார்: மகனை வகுப்பில் விட்டபின், 9.10 முதல் 9.25 வரை.