ஒரு சாண் தண்ணீர்

திருநெல்வேலிப் பக்கம், குளத்தங்கரையை ஒட்டித்தான் எங்கள் வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகிக் கிடக்கும்போது நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் கண்ணில் படும். நான் காத்திருப்பது தை, மாசிக்கு. வயலுக்கு மடை திறந்து தண்ணீர் இறங்க இறங்க, நடந்து மேயும் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

மொட்டைமாடியில் நின்று பார்த்தால் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். ஈரச் சேற்று விளிம்பில் பொறி உள்ளான். ரஷ்யா, ஸ்காண்டிநேவியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிற சின்ன உடம்பு அது. ஒரு சாண் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான். அதற்கும் உள்ளே சாம்பல் நாரை. கால் எட்டுகிற ஆழம்தான் இரை எட்டுகிற ஆழம். சின்னக் கொக்கு மட்டும் ஓரிடத்தில் நிற்காது, மஞ்சள் பாதத்தால் சேற்றைக் கலக்கிக் கலக்கி மீனைக் கிளப்பும்.

எனக்கு மிகப் பிடித்தது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி போல ஒரு சந்து தெரியும். குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும். பலர் நினைப்பதுபோல் அந்தச் சந்தில் வைத்து நத்தையை நொறுக்குவதில்லை. தண்ணீருக்குள்ளேயே நத்தையை அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து உருவிவிடும். வரப்பில் கிடக்கும் வெற்று ஓடுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும்.

2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பைனாகுலரும் நோட்டுமாகக் குளம் குளமாகப் போகிறவர்களைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும்.

தூர்வாருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூர்வாரத்தான் வேண்டும், பயிருக்குத் தண்ணீர் நிற்க வேண்டாமா? ஆனால் பக்கத்து ஊர்க் குளத்தில் விளிம்பு வரை ஒரே ஆழமாகத் தோண்டி, கரையைச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே நீந்துகிற பறவைகளுக்குக் குறைவில்லை. உள்ளான் கால் வைக்கத்தான் இடமில்லை. நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் ஆழப்படுத்தட்டும், ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து இறங்கும் கரையை விட்டுவைத்தால் போதும்.

எங்கள் குளத்துக்கும் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் மேற்குக் கரைச் சரிவைத் தொட வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். விவசாயம் பார்க்கிற எங்கள் சித்தப்பாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.