நர்சிங் பட்டப்படிப்பு விண்ணப்பம்: ஜனவரி வந்தால் நேரம் போய்விடும்

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) ரிசல்ட் வந்த மறுவாரம் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "பிள்ளையை நர்சிங்கில் போடலாமா?" போடலாம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்தக் கேள்விக்கான நேரம் முந்தின செப்டம்பரோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பாதி முடிவு பத்தாம் வகுப்பில் பாடம் எடுக்கும்போதே ஆகிவிடும், மீதி பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருக்கும்.

முதலில் எந்தப் படிப்பு என்று தெளிவாக இருக்க வேண்டும். பழைய நான்காண்டுப் படிப்பில் (1985-ஆம் ஆண்டு விதிமுறைப்படி நடந்தது) பொது நர்சிங், மனநலம், சமுதாய நலம், பிரசவம் எல்லாம் ஒன்றாக வந்தன. அதற்குக் கடைசியாகப் புதிய மாணவர்களைச் சேர்த்தது 2019-இல். அத்தையும் பெரியம்மாவும் சொல்லும் "நாலு வருஷ கோர்ஸ்" இன்று அதே வடிவில் இல்லை. இப்போது இருப்பவை மூன்று. ஓராண்டு ஹையர் சர்டிஃபிகேட், துணை நர்ஸ் ஆவதற்கு. மூன்றாண்டு டிப்ளமா, பொது நர்ஸ் ஆவதற்கு. நான்காண்டுப் பட்டம், தொழில்முறை நர்ஸும் மிட்வைஃபும் ஆவதற்கு. படிப்புகளைத் தரம்பிரிக்கும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில் இந்தப் பட்டம் எட்டாம் நிலை.

டிப்ளமா முடித்தவர் பிரசவ வார்டுக்குத் தகுதி பெற இன்னொரு அட்வான்ஸ்டு டிப்ளமா படிக்க வேண்டும். ஐ.சி.யூ., மனநலம், குழந்தைகள் பிரிவு என்று சிறப்புப் பயிற்சிக்குப் போவதென்றால் பட்டம் உள்ளவர் நேராக முதுநிலை டிப்ளமாவுக்கு விண்ணப்பிக்கலாம். டிப்ளமாக்காரர் நடுவில் ஒரு படி ஏற வேண்டும். டிப்ளமா மட்டம் என்று சொல்லவில்லை. வார்டில் ஆள் தேவை அதற்கும் உண்டு. ஆனால் பட்டம் என்று நினைத்து டிப்ளமாவில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொள்வது பரிதாபம்.

அதைவிடப் பெரிய பொறி, கடைத்தெரு மாடிகளில் "நர்சிங் காலேஜ்" பலகை மாட்டியிருக்கும் இடங்கள். அவற்றில் சில கேர்கிவர் பயிற்சிதான் தருகின்றன. அந்தச் சான்றிதழை வைத்துத் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிய முடியாது. பணம் கட்டுமுன் கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த வளாகத்துக்கு அனுமதி என்றும் பார்க்க வேண்டும். ஒரு வளாகத்துக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி இன்னொரு ஊரில் வகுப்பு நடத்துவோர் உண்டு. "அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டத்துக்கு இந்த மாகாணத்தில் முக்கியமான கதவுகள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுலுலாந்து பல்கலைக்கழகம். மூன்றுக்கும் ஒரே வழி: மத்திய விண்ணப்ப அலுவலகம், அதாவது சி.ஏ.ஓ. மாகாண அரசின் நர்சிங் கல்லூரி வேறு. சாட்ஸ்வர்த் ஆர்.கே. கான் மருத்துவமனையில்கூட அதற்கு ஒரு வளாகம் இருக்கிறது. அதற்கான அறிவிப்பை சுகாதாரத் துறை தனியாக வெளியிடும், எப்படி விண்ணப்பிப்பது என்பதை அந்த அறிவிப்பிலேயே பாருங்கள். லைஃப், நெட்கேர், மெடிக்ளினிக் போன்ற தனியார் மருத்துவமனைக் குழுமங்களும் தங்கள் பயிற்சி நிறுவனங்களுக்கு நேரடியாகவே ஆள் எடுக்கின்றன.

இனி மதிப்பெண். மெட்ரிக்கில் பேச்சலர் பாஸ் (பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் தேர்ச்சி) வேண்டும்: பள்ளியில் 'ஹோம் லாங்வேஜ்' ஆக, அதாவது முதல்மொழியாக, எடுத்த பாடத்தில் 40 சதம், வேறு நான்கு முழுப் பாடங்களில் 50 சதம். அது நுழைவாயில் மட்டும்தான். லைஃப் சயின்ஸஸ் (உயிரியல்) இல்லாமல் நர்சிங் பட்டத்துக்கு இடம் கிடைப்பது மிகக் கடினம். கணக்கா, மேத்ஸ் லிட்டரசியா (அன்றாட உபயோகத்துக்கான எளிய கணக்குப் பாடம்) என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் லிட்டரசியை ஏற்பார்கள், ஆனால் அதில் கூடுதல் மதிப்பெண் கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் "கணக்கு கஷ்டம்" என்று லிட்டரசிக்கு மாற்றுமுன் மூன்று பல்கலைக்கழகங்களின் கையேட்டையும் திறந்து பாருங்கள். பதினோராம் வகுப்புக்குப் போனபின் திரும்பி மாறுவது பள்ளிக்கும் தலைவலி, பிள்ளைக்கும் தலைவலி.

போட்டி நடப்பது ஏ.பி.எஸ். என்ற புள்ளிக் கணக்கில். 50 முதல் 59 வரை 4 புள்ளி, 60 முதல் 69 வரை 5, 70 முதல் 79 வரை 6, 80-ம் அதற்கு மேலும் 7. லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத்திறன் பாடத்தைப் பல இடங்களில் கூட்டுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலம் 68, இசிசுலு (சுலு மொழி) 62, கணக்கு 54, லைஃப் சயின்ஸஸ் 71, ஃபிசிக்கல் சயின்ஸஸ் 58, பிசினஸ் ஸ்டடீஸ் 73. புள்ளிகள் 5, 5, 4, 6, 4, 6, மொத்தம் 30. இந்தப் பிள்ளை லைஃப் சயின்ஸஸை 71-லிருந்து 78-க்கு உயர்த்தினால் ஒரு புள்ளியும் கூடாது. ஆங்கிலத்தில் இரண்டு மதிப்பெண், ஃபிசிக்கல் சயின்ஸஸில் இரண்டு மதிப்பெண் கூட்டினால் மொத்தம் 32. டியூஷன் காசை எங்கே போடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடையாது. பிடித்த பாடத்துக்கே டியூஷன் வைப்பது நம் வீட்டுப் பழக்கம். கோட்டுக்கு ஒன்றிரண்டு கீழே நிற்கும் பாடம் எது என்று பாருங்கள்.

கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சப் புள்ளி இருந்தாலே இடம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்குமேல் இருப்பவர்களை வரிசைப்படுத்தித்தான் எடுப்பார்கள். இடங்கள் ஏன் இவ்வளவு குறைவு என்றால், ஒவ்வொரு மாணவருக்கும் மருத்துவமனையில் வார்டு, மேற்பார்வையாளர், போதிய நோயாளிகள், பிரசவங்கள் வேண்டும். அதைப் பார்த்துத்தான் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்று நர்சிங் கவுன்சில் அளவு வைக்கிறது. வகுப்பறையில் இன்னும் நாற்பது நாற்காலி போட்டுவிடலாம், பிரசவ அறையில் முடியாது.

சி.ஏ.ஓ. படிவம் இணையத்தில் நிரப்புவது. கடந்த சில ஆண்டுகளாக நேரத்துக்கு அனுப்பினால் கட்டணம் 250 ராண்ட், தாமதித்தால் 470. பெரும்பாலான படிப்புகளுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. சுகாதாரப் படிப்புகளில் சில அதற்கு முன்பே மூடிவிடும், ஆகவே கையேட்டில் அந்தப் படிப்பின் நேரே போட்டிருக்கும் தேதியைத்தான் நம்ப வேண்டும். பணம் கட்டாத படிவம் அப்படியே கிடக்கும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். வங்கியில் கட்டினால் உங்கள் சி.ஏ.ஓ. எண்ணையே குறிப்பு எண்ணாகப் போடுங்கள். பிள்ளையின் பெயரைப் போட்டால் அந்தப் பணம் யாருடையது என்று தேடவே வாரக்கணக்காகும்.

தேர்வுகளை வரிசைப்படுத்தும் இடத்தில்தான் பெற்றோர் சொதப்புவார்கள். முதலில் மருத்துவம், அடுத்து பார்மசி, பிசியோ, கடைசியில் "இருக்கட்டும்" என்று நர்சிங். விண்ணப்பங்கள் குவியும் படிப்புக்கு, அதைக் கடைசியில் வைத்தவரை எடுக்க என்ன அவசியம்? பிள்ளைக்கு உண்மையிலேயே நர்சிங்தான் வேண்டுமென்றால் முதல் இரண்டு இடங்களில் வையுங்கள். வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் நர்சிங்கைத் தனித்தனித் தேர்வாகப் போடலாம்.

ஆவணங்கள்: அடையாள அட்டை, பதினோராம் வகுப்பு இறுதி அறிக்கை, பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த இடைத்தேர்வு மதிப்பெண். அட்டையின் இருபுறத்தையும் நகலெடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அனுப்பி மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம். சான்றொப்பம் போலீஸ் நிலையத்தில் இலவசமாகப் போட்டுத் தருவார்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்கள் ஏற்பதில்லை. மார்ச்சில் முத்திரை குத்தி ஆகஸ்டில் அனுப்பினால் வீண்.

பெயர்ச் சிக்கல் ஒன்று தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அண்மையில் வந்த குடும்பங்களுக்கு உண்டு. கோவெண்டர், பிள்ளை, நாயுடு வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர் ஏற்கெனவே இருக்கிறது. "எஸ். கார்த்திகா" என்று பாஸ்போர்ட்டில் இருப்பவருக்குப் படிவத்தின் குடும்பப்பெயர்ப் பெட்டி நிரம்பாது. ஒரு இடத்தில் அப்பா பெயர், இன்னொரு இடத்தில் முதலெழுத்து என்று போட்டால் மெட்ரிக் மதிப்பெண் விண்ணப்பத்தோடு இணையாமல் நிற்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே, எழுத்து மாறாமல், பள்ளிப் பதிவிலும் சி.ஏ.ஓ.விலும் இருக்க வேண்டும். திருத்துவதாக இருந்தால் மெட்ரிக் தேர்வுப் பதிவுக்கு முன் பள்ளி அலுவலகத்தில் சொல்லித் திருத்துங்கள். பிளஸ் டூ சான்றிதழோடு வருபவர்களுக்கு இன்னொரு வேலையும் சேரும்: தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் மெட்ரிகுலேஷன் விலக்குச் சான்று வாங்குவது. அதற்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

பணம். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். (அரசின் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம்) உதவித்தொகைக்கு சி.ஏ.ஓ. படிவம் போதாது, அது தனி விண்ணப்பம், தனி தேதி. தென்னாப்பிரிக்கக் குடிமக்களாகவும் குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள்ளும் இருக்க வேண்டும்; மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசு டி.வி.இ.டி. (தொழிற்பயிற்சி) கல்லூரிகளுக்கும்தான் செல்லும், தனியார் நர்சிங் கல்லூரிக்குச் செல்லாது. "இடம் கிடைக்கட்டும், அப்புறம் போடலாம்" என்று நிற்கும் வீட்டில் இடமும் வரும், என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். கதவும் சாத்தியிருக்கும்.

பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து முதலில் தற்காலிக இடம் வரலாம். ஜனவரியில் மெட்ரிக் முடிவு வந்ததும் அது உறுதியாகும் அல்லது போகும். உறுதியான இடம் வந்தால் கெடு தேதிக்குள் ஏற்றுக்கொண்டதாகப் பதில் போட வேண்டும். சும்மா இருந்தால் அடுத்தவருக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை அந்த மாதங்களில் மாற்றாதீர்கள். டிசம்பர் சலுகைக்காக சிம் மாற்றி, வந்த எஸ்.எம்.எஸ்.ஸைத் தவறவிடுவோர் உண்டு.

இடம் கிடைத்த கையோடு தடுப்பூசி அட்டையைத் தேடுங்கள். ஹெபடைட்டிஸ் பி மூன்று ஊசி: முதலாவது, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறு மாதம் கழித்து மூன்றாவது. வார்டுக்குப் போகுமுன் கேட்பார்கள், வழக்கமான அட்டவணைக்கு ஆறு மாதம் பிடிக்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல், விலக்கு இல்லாத இளநிலை மாணவர்கள் இசிசுலு பாடம் ஒன்றில் தேற வேண்டும். நர்சிங்கில் அது வெறும் தேர்வு விஷயமில்லை. இரவு வார்டில் ஒரு பாட்டியிடம் "குபுஹ்லுங்கு குபி?", எங்கே வலிக்கிறது, என்று கேட்டு அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். பள்ளியிலேயே இசிசுலு எடுத்த பிள்ளைக்கு முதலாண்டு பாதி லேசு.

நான்காண்டுக்குப் பின் ஓராண்டு சமுதாய சேவை கட்டாயம், சம்பளத்தோடு. எந்த மருத்துவமனை என்பது முழுக்க உங்கள் கையில் இல்லை. டர்பனிலேயே கிடைக்கும் என்று எண்ணி வீட்டில் திட்டம் போடாதீர்கள், கிராமப்புற மருத்துவமனையும் வரலாம்.

ஜனவரியில் இடம் வரவில்லை என்றால் பல்கலைக்கழக வாசலில் போய் நிற்பதால் பயனில்லை. உயர்கல்வித் துறையின் மத்திய கிளியரிங் சேவையில் பதியுங்கள். காலி இடம் வைத்திருக்கும் நிறுவனங்கள் அங்கிருந்து ஆள் தேடும், ஆனால் நர்சிங்கில் காலி இடம் அபூர்வம். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் புள்ளி போயிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு உடனே பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். நிறைய குறைந்திருந்தால் மே-ஜூனில் அந்தப் பாடங்களை மட்டும் மறுபடி எழுதி, அதே ஆண்டு சி.ஏ.ஓ. படிவத்தைக் கடைசி நாளுக்குள் நர்சிங்கை முதலிடத்தில் போட்டு அனுப்பலாம்.