பாஸ்புக்கில் இல்லாத பெயர்

சேலம் அம்மாபேட்டைப் பகுதியில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். உறுப்பினர்களுக்குப் பட்டு நூலையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுப்பதும், நெய்து வந்த வேட்டியையும் அங்கவஸ்திரத்தையும் சரிபார்த்துக் கூலியைப் பாஸ்புக்கில் பதிவதும் என் வேலை. நெசவாளர் பெயர் எழுதும் இடத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரே இருக்கும். ஆனால் ஒரு தறி ஓட வேண்டுமானால் நூல் இழைக்க வேண்டும், ராட்டையில் தார் (குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிய சிறு குழல்) சுற்ற வேண்டும், தறியில் நீளவாட்டில் கட்டிய பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அந்தந்த வீட்டுப் பெண்கள். கூலியோ உருப்படிக் கணக்கு. அந்தத் தொகைக்குள்ளேயே இந்த வேலைகளும் அடங்கிவிடும்.

உறுப்பினர் விவரங்களைப் புதுப்பிக்கச் சென்ற ஒரு வீட்டில், சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்தாமலே ஒரு பெண் சொன்னார்: “நான் எங்கீங்க வேலைக்குப் போறேன், வீட்டுலதான் இருக்கேன்.” அவர் வளர்ந்த வீட்டிலும் கணக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

சிறுவயதில் பையனும் பெண்ணும் சேர்ந்தே தார் சுற்றுவார்கள். மீசை அரும்பியதும் பையன் தறிக்குழியில், அதாவது நெய்பவர் கால்விட்டு மிதிக்கும் பள்ளத்தில், இறங்கிவிடுவான். பிறகு ராட்டையில் உட்காரச் சொன்னால் ‘பொம்பள வேலை’ என்பான். கண் மங்கி, மிதிக்கக் கால் வலுவிழந்த கிழவர் மட்டும் மறுபடி அதற்குத் திரும்புவார். பெண், குழந்தை, முதியவர் என்று வீட்டில் சொல் எடுபடாத மூவருக்கும் ஒதுக்கிய இடமாகவே ராட்டை எனக்குத் தெரிந்தது.

தறி மிதிக்கப் பெண்ணுக்கு வலு போதாது என்று சங்கத் திண்ணையில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அஸ்ஸாமிலோ தறியில் உட்காருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்களே. நெய்யத் தெரிவது கல்யாணத்துக்கான தகுதியாகவே அங்கே எண்ணப்பட்டுவந்தது. (அதையும் விடுதலை என்று சொல்லிவிட முடியாது.) 2019-20 ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். கால் வலுவைப் பற்றிய பேச்சு ஊருக்கு ஊர் மாறுமென்றால், அது காலைப் பற்றிய பேச்சாக இருக்க முடியாது.

பின்னாளில் கூலி கட்டுப்படியாகாமல் ஆண்கள் விசைத்தறிக்கும் வேறு பிழைப்புக்கும் போனபோது, தறி சும்மா கிடக்க வேண்டாமென்று மனைவிமார் குழியில் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த வேட்டிகளில் கரை பிசகவில்லை. கணவர் வெளியே போன மதியங்களில் எத்தனையோ காலமாக நெய்து பழகிய கைகள் அவை. திண்ணையில் வலுவைப் பற்றிய பேச்சும் ஓய்ந்தது. வருமானம் கெட்ட பிறகுதான் தறி அவர்கள் கைக்கு வந்தது என்பது எனக்குக் கசப்பாகவே இருந்தது. அப்போதும் உறுப்பினர் பெயரை மாற்றக் கேட்டு வந்தவர்கள் சிலரே. அந்த வீடுகளில் இப்போது தார் சுற்றுவது யார் என்று விசாரித்தபோது, மாமியார் அல்லது பள்ளிவிட்டு வரும் மகள் என்றே பதில் வந்தது.