திருநகரில் ஒரு மீன்குழம்பு

ஏ9 வீதியில் போகிற பஸ் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவது அபூர்வம். சாரதி கோயிலுக்குப் போனார், நாங்கள் கச்சான் வாங்கினோம். வவுனியாவில் குடித்த பிளேன்ரீயைத் தவிர வயிற்றில் வேறொன்றும் இல்லை. கிளிநொச்சியில் இறங்கும்போது கச்சான் சரையும் காலி.

திருநகரில் சித்தி வீடு பூட்டியிருந்தது. போன் எடுத்தால், கோயில் அன்னதானத்தில் நிற்கிறாவாம். "ஒழுங்கை முகப்பில புதுக்கடை ஒண்டு திறந்திருக்கு, போய்ச் சாப்பிடு. நல்ல கோப்பி" என்றா. மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கோப்பியா!

பலகையில் 'கபே' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்குப் பயம். பிரைட் ரைஸ், மேலே ஒரு முட்டை, பக்கத்தில் சிவப்புச் சோஸ், அவ்வளவுதான் வரும். ஆனால் இது ஒரு வீட்டு விறாந்தை. நாலு மேசை, வேப்பமர நிழல், சோளகக் காற்றுக்குப் புழுதி வராமல் ஒரு பக்கம் கிடுகு கட்டியிருந்தார்கள். கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்ற தம்பி கொழும்பில் வேலை பழகி வந்தவன். சமையல் அவனுடைய அம்மா.

"அண்ணை, சோறு இருக்கு. மீன் ரெண்டு துண்டுதான் கிடக்கு. இரணைமடு ஜப்பான்."

ஜப்பான் என்றால் திலாப்பியா. ஆபிரிக்க மீன், 1952இல் இலங்கைக் குளங்களுக்கு வந்தது. அதற்கு ஏன் ஜப்பான் என்று பேர் வைத்தார்களோ! நான் பருத்தித்துறையில் வளர்ந்தவன். குளத்து மீன் என்றால் சேறு மணக்கும் என்று முகம் சுளிக்கிற கட்சி. பசி கட்சி மாற வைத்தது.

குத்தரிசிச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். சேறு இல்லை. பழப்புளி தூக்கலாக, வெந்தயம் தட்டுப்பட, கடைசியில் விட்ட தேங்காய்ப்பால் உறைப்பை அடக்கி வைத்திருந்தது. அம்மாவிடமே கேட்டேன்.

"வயித்துக்குள்ள கறுப்புத் தோல் ஒண்டு இருக்கும் தம்பி. அதைச் சுரண்டி எடுத்துப்போட்டு, உப்பும் தேசிக்காயும் போட்டு உரஞ்சிக் கழுவோணும். பஞ்சிப்பட்டா மணக்கும்தான்."

முருங்கையிலை வறையும் கத்தரிக்காய்ப் பால்கறியும் நன்றாக இருந்தன. சொதியில் தண்ணீர் கூட. பயித்தங்காய் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா மற்றத் துண்டையும் கோப்பையில் வைத்துவிட்டார். அப்புறம் என்ன விமர்சனம்! ஐந்நூறு ரூபாய்க்கு இது அதிகம்.

தம்பி விடவில்லை, ஐஸ் கோப்பி கொண்டுவந்து வைத்தான். நுரையில் பூவெல்லாம் போட்டிருந்தான். சீனி பாணிபோல இருந்தது. பாவம், ஆவலாக முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் முழுவதையும் குடித்தேன்.

சித்தி வந்ததும் முதல் கேள்வி, "கோப்பி எப்பிடி?"

"மீனைப் பற்றி ஏன் சொல்லேல்லை?"

"அங்க சோறும் குடுக்கினமே?"

ஒழுங்கையே கோப்பிக்குத்தான் போய் வருகிறது போல. பின்னேரம் திரும்பப் போய், நாளைக்கு விரால் வந்தால் மூன்று பேருக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சித்தியையும் கூட்டிக்கொண்டு போகவேணும்.