இரவில் மருந்தலமாரிச் சாவி யாரிடம்? – கொழும்பில் ஒரு ஹொஸ்பிஸ் தேடிய அனுபவம்

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவிய பிறகு, இனி கீமோ கொடுத்து அவரை வருத்துவதில் பயனில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் ரொறன்ரோவில். கொழும்பில் இருப்பது நான் மட்டும்.

முதலில் வெள்ளவத்தை பிளாட்டிலேயே வைத்துப் பார்த்தோம். பகல் சமாளிக்கக் கூடியதாக இருந்தது. இரவுதான் பெரிய பாடு. ஏஜென்சி அனுப்பும் பிள்ளைகள் கிழமைக்குக் கிழமை மாறுவார்கள். ஒருத்திக்கு மருந்து நேரம் விளங்கும் நேரத்தில் அடுத்தவள் வந்துவிடுவாள். லிஃப்டோ ஸ்ட்ரெச்சர் கொள்ளாத லிஃப்ட். அவசரமென்றால் கதிரையில் இருத்தித்தான் கீழே இறக்க வேண்டும். முதுகெலும்பில் நோய் உள்ள ஒருவரை அப்படி இறக்குவது எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்போதுதான் வேறு இடம் தேடத் தொடங்கினேன்.

ஹொஸ்பிஸ், அதாவது கடைசிக் கால நோயாளரை வலியில்லாமல் வைத்துப் பார்க்கும் இடம், என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவனவைத்தான். ஆனால் பெரியம்மாவுக்கு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தை விட்டுப் போக மனமில்லை. சொந்தக்காரர் பின்னேரம் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடிய தூரத்தில் இருக்க விரும்பினார். அந்த ஆசையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் அந்தப் பக்கத்து ஒழுங்கைகளில் வீட்டையே மாற்றி, சில கட்டில்களுடன் நடத்தப்படும் சின்னச் சின்ன இடங்களை விசாரித்தேன்.

இந்த இடங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வெளியே ஹொஸ்பிஸ் என்று போர்ட் இருக்கும், உள்ளே போனால் முதியோர் இல்லம். இரண்டும் ஒன்றல்ல. தனியார் மருத்துவ நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிந்திருக்க வேண்டும், அந்தப் பதிவை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். முதியோர் இல்லங்களின் பதிவு வேறு வழி. ஆகவே சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்தாலும் கிட்டப் போய், எந்தச் சபை, எந்த வருடம் என்று வாசியுங்கள். வருகிற டொக்டரின் பெயரையும் மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையும் கேட்கலாம். நேர்மையான இடத்தில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

ரொறன்ரோ அண்ணா தினமும் வட்ஸ்அப்பில், "தங்கச்சி, போட்டோ அனுப்பு, வீடியோ அனுப்பு" என்பார். ஏசி இருக்கிறதா, டைல்ஸ் போட்டிருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா என்று கேட்பார். தூரத்தில் இருக்கிற மகனுக்குக் கண்ணால் பார்க்கக் கூடியது அவ்வளவுதான், அது எனக்கு விளங்கியது. ஆனால் பெரியம்மா கிடக்கப்போவது கட்டிலில். அவருடைய உலகம் அந்தக் கட்டில், பக்கத்தில் ஒரு மேசை, கூப்பிட்டால் வரும் ஒரு ஆள். அதனால் நான் போன இடமெல்லாம் ஒரு கேள்வியைச் சுற்றியே விசாரித்தேன்: விடிய 2 மணிக்கு வலி வந்தால் இங்கே என்ன நடக்கும்?

இதற்கு மோர்பின் என்ற கடும் வலிக்கான மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு அதை விளங்கப்படுத்தியவர் மஹரகம கிளினிக்கில் இருந்த ஒரு இளம் டொக்டர். வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்தல்ல அது. வலி தலை தூக்குமுன்னே, மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே இதை வழிகாட்டலாக எழுதி வைத்திருக்கிறது. சாதாரண மோர்பின் குளிசை 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதற்கு மேலும் இடையில் வலி பீறிட்டு வந்தால், ஒரு நாளில் கொடுக்கும் மொத்த அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை உடனே கொடுக்கலாம். நாளைக்கு 60 மில்லிகிராம் போகிறதென்றால் இடையில் 10. 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும் குளிசையும் உண்டு. அதை நசுக்கிக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. அரை நாளுக்குரிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

இவ்வளவும் காகிதத்தில் சரியாக எழுதியிருக்கும். நடைமுறையில் அந்தக் குளிசை எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். மோர்பின் அபாயகரமான ஔடதச் சட்டத்துக்குள் வருவது. பூட்டி வைக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். பூட்டுவது நல்லதுதான். ஆனால் ஒரு இடத்தில், சாவி யாரிடம் என்று கேட்டதும், "மேடம் கொண்டுபோவார், காலமை வந்து திறப்பார்" என்றார்கள். மேடத்தின் வீடு வேறு ஊரில். நடுச்சாமத்தில் வலி வந்தால்? "பனடோல் குடுத்துப் பார்ப்பம். விடிஞ்சதும் மேடம் வந்திருவா." எலும்பில் புற்றுநோய் இருப்பவருக்குப் பனடோலுடன் விடியும்வரை! அந்த இடத்தில் தோட்டம் நன்றாக இருந்தது, ஏசியும் இருந்தது. நான் அண்ணாவுக்குப் போட்டோ அனுப்பவில்லை.

நான் பிறகு தெரிவு செய்த இடத்தில் சாவி இரவு டியூட்டி தாதியின் இடுப்பில் இருந்தது. பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். நோயாளரின் பெயரை மட்டும் கையால் மறைத்துக்கொண்டார்கள், அதுவே எனக்குப் பிடித்தது. நேரம், அளவு, மிச்சம், இரண்டு கையொப்பம். வரிகளில் விடிய 1.40, 3.15 என்றெல்லாம் நேரங்கள் இருந்தன. அந்த இரவுகளில் யாரோ எழும்பி மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

பதிவேடு என்றதும் இன்னொன்று. படுக்கையிலேயே கிடப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகின் அடியிலும் குதிக்காலிலும் புண் வந்துவிடும். இதற்கென்று கட்டில் அடியில் ஒரு தாள் தொங்கும். நான் ஒரு இடத்துக்குப் போனபோது பின்னேரம் இரண்டரை மணி. தாளில் 4 மணிக்கும் 6 மணிக்கும் ஏற்கனவே "இடது", "வலது" என்று எழுதிக் கையொப்பமும் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டிலில் இருந்த ஐயா மல்லாந்தே கிடந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த குதிக்கால் கருஞ்சிவப்பாக இருந்தது. அவருக்கு யாராவது சொந்தக்காரர் இருப்பார்களா என்று இன்றும் நினைப்பேன். வெளியே வரும்போது பொறுப்பாளரிடம் குதிக்காலைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் தலைமாட்டைப் பார்ப்பதைவிடக் கால்மாட்டைப் பாருங்கள். குதிக்காலுக்குக் கீழே தலையணை இருக்கிறதா, வாய் காய்ந்து உதடு வெடித்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா. காற்று மெத்தை இருந்தால் கரண்ட் போகும் நேரத்தில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த நாடு இது. ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால், ஒக்சிஜன் மெஷின் அதில் வேலை செய்யுமா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

கேட்கக் கஷ்டமான கேள்வி ஒன்று: உங்களிடம் கடைசியாக இருந்து காலமானவர் எங்கே காலமானார்? ஓரிடத்தில் பெருமையாகச் சொன்னார்கள், "இங்க ஒருத்தரும் சாகிறதில்லை. கடும் எண்டால் உடனே 1990க்கு அடிச்சு அனுப்பிருவம்." அந்த இலக்கத்தில் கூப்பிட்டால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் நல்ல சேவை, எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் அமைதியாகப் போகட்டும் என்று கொண்டுவந்து விட்ட ஒருவரைக் கடைசி மணித்தியாலத்தில் சைரனோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினால், அதற்கு முன் அங்கே செலவழித்த காசுக்கும் காலத்துக்கும் என்ன அர்த்தம்? நாங்கள் தெரிவு செய்த இடத்தின் பொறுப்பாளர், அரச ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தக் கேள்விக்குத் தயங்கவே இல்லை. முந்திய மாதம் காலமான ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், எந்த நேரம் மூச்சு மாறியது, சளிச் சத்தத்துக்கு என்ன ஊசி போட்டார்கள், குடும்பத்துக்கு எப்போது கோல் எடுத்தார்கள், உடம்பைக் குளிப்பாட்டியது யார் என்று ஒழுங்காகச் சொன்னார். மரணத்துக்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட டொக்டர் இரவிலும் வருவாரா என்று கேட்டேன். வருவார் என்று சொல்லி, அவரைப் போனிலேயே பிடித்துத் தந்தார். சிகிச்சை அளித்த டொக்டரின் கையொப்பம் இல்லாவிட்டால் திடீர் மரண விசாரணை அதிகாரி, பொலிஸ் என்று குடும்பம் அலைய வேண்டி வரலாம். துக்க வீட்டில் அது வேண்டாத பாரம்.

காசு விஷயமும் கேட்டேன். மாதக் கட்டணத்துக்குள் பம்பர்ஸ், புண்ணுக்குக் கட்டும் மருந்து, டொக்டர் வருகை அடங்குமா, மாத நடுவில் ஆள் போய்விட்டால் மிச்சம் திரும்ப வருமா என்று. எழுத்தில் தந்தார்கள். அவ்வளவு போதும்.

அந்த வீடு பழைய வீடு. ஏசி இல்லை, குளியலறையில் பழைய சீமெந்துத் தரை. அண்ணாவுக்கு மனக்குறை இருந்தது. ஆனால் முன்கூட்டியே அனுமதி கேட்டு இரவு 9 மணிக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, இரவு டியூட்டியில் இருவர் விழித்திருந்தார்கள். ஒருத்தி ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, தமிழ் பேசுவாள். இது பெரிய விஷயம். பெரியம்மாவுக்குக் கடைக்குப் போய் வரும் அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் நடுச்சாமத்தில் இடுப்பு உளைவதையும் எரிவதையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. நரம்பு எரிவுக்கு மருந்து வேறு என்பதால் அந்த வித்தியாசம் டொக்டரின் காதுக்குப் போக வேண்டும். அந்தப் பிள்ளை "ஆச்சி, 0 எண்டா நோவே இல்ல, 10 எண்டா தாங்கவே ஏலாது, இப்ப எத்தன?" என்று கேட்பாள். பெரியம்மா யாரையும் கஷ்டப்படுத்தக் கூடாதென்று "பரவாயில்லைப் பிள்ளை" என்பார். அவள் அதை நம்பாமல் நெற்றியையும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கும் கையையும் பார்ப்பாள். விரல்கள் இறுகியிருந்தால் 6 என்று எழுதிவிட்டுத் தாதியைக் கூப்பிடப் போவாள்.

சேர்த்த பிறகும் கண் வைத்திருக்க வேண்டும். பெரியம்மா ஒரு கட்டத்தில் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்கினார். வயிறு கல்லுப் போல இருந்தது. மோர்பின் எடுக்கிற அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும், கூடவே பேதி மருந்தும் தினமும் போக வேண்டும். விசாரித்ததில், சிரப் முடிந்து மறுபடி வாங்காமல் விட்டிருந்தார்கள். பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை, யாரையும் ஏசவும் இல்லை. அன்றே மருந்து வாங்கி, எனிமா கொடுத்து, எல்லாக் கட்டில் தாளிலும் மலம் போன நாளுக்கென்று ஒரு நிரல் கீறினார். எங்கள் கட்டில் மட்டுமல்ல, எல்லாக் கட்டிலும். ஒரு குறையைச் சொன்னதும் அந்த இடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் போல வேறெதுவும் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் அதில் கலந்திருக்கிறது என்றார். பெரியம்மாவின் விஷயத்தில் அதைக் கண்ணால் கண்டேன். ரொறன்ரோவில் இருந்து அண்ணா வீடியோவில் வந்து தேவாரம் பாடும் பின்னேரங்களில் இடைக் குளிசை கேட்பது குறைவு. மயூரபதி அம்மன் கோயில் திருநீற்றை யாராவது கொண்டுவந்தால், சிங்களத் தாதி கைகழுவிவிட்டு வந்து அவரே நெற்றியில் பூசிவிடுவார்.

கடைசியில் சிறுநீரகம் தளர்ந்து, மோர்பின் உடம்பில் தேங்கி, கை கால் துடிக்கத் தொடங்கியது. டொக்டர் வந்து அளவைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, எங்களுக்கு இருந்து விளங்கப்படுத்தினார். யாரும் அம்புலன்ஸைப் பற்றிக் கதைக்கவில்லை. பெரியம்மா ஒரு விடியற்காலையில் அங்கேயே போனார். எனக்குக் கோல் வந்தது மூச்சு மாறியபோதே, நின்ற பிறகல்ல. நான் போய்ச் சேர நேரம் கிடைத்தது.

டொக்டர் வந்து கையொப்பமிட்டார். அடுத்த கிழமை கணக்கு முடிக்கப் போனபோது, மிச்சப் பணத்தையும், எஞ்சியிருந்த மோர்பின் குளிசைகளையும் மேசையில் வைத்தார்கள். குளிசைகளை என் முன்னாலேயே எண்ணி, பதிவேட்டில் எழுதி, நானும் தாதியும் கையொப்பமிட்டு, கிளினிக்கில் திருப்பிக் கொடுப்பதற்காக உறையில் இட்டு ஒட்டினோம். பதிவேட்டில் இருந்த மிச்சமும் மேசையில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. அண்ணாவின் கூட்டாளி ஒருவர் தன் தாய்க்கு இடம் தேடுகிறார் என்று கேட்டபோது, அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் முதலில் சொன்னேன்.