டைரக்ட் டெபிட் உத்தரவாதமும் அதில் நுழைந்த திருட்டும்

பிரிட்டனில் உள்ளாட்சி வரி, மின்கட்டணம், கைபேசிச் சந்தா, நன்கொடை என்று வீடுகளிலிருந்து மாதந்தோறும் போகும் பணத்தில் பெரும்பகுதி டைரக்ட் டெபிட் வழியாகவே போகிறது. பணத்தைப் பெற வேண்டிய நிறுவனமே நம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை என்பதால், மக்கள் அச்சமின்றி இதற்குச் சம்மதிக்க வேண்டுமென்று வங்கிகள் ஓர் உத்தரவாதம் தந்திருக்கின்றன. எடுத்த தொகையிலோ தேதியிலோ பிழை இருந்தாலும், நம் ஒப்புதலே இல்லாமல் எடுத்திருந்தாலும், நம் வங்கி முழுத் தொகையையும் உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். இப்படிக் கேட்பதற்குக் காலக்கெடு கிடையாது. தான் கொடுத்த தொகையை வங்கி பிறகு அந்த நிறுவனத்திடமிருந்து வசூலித்துக்கொள்ளும்.

இது அருமையான பாதுகாப்பு. இதில் ஒரு வரியைக்கூடக் குறைக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பாதுகாப்பின் செலவு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதைத் திருடர்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் இணையப் படிவத்தில், ஒருவர் மாதம் 3,000 பவுண்ட் தருவதாகப் பதிவு செய்தார். முதல் தவணை எங்கள் கணக்கில் வரவான அன்றே அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 30 என்று எழுத நினைத்துக் கூடுதலாக இரண்டு பூஜ்யங்களைப் போட்டுவிட்டதாகவும், வாடகை கட்டப் பணமில்லாமல் தவிப்பதாகவும், பழைய கணக்கை மூடிக்கொண்டிருப்பதால் மீதி 2,970 பவுண்டைக் கீழே கொடுத்திருக்கும் புதிய கணக்குக்கு அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. 30 பவுண்டை நன்கொடையாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்ற வரிதான் எங்கள் செயலாளரின் மனத்தை இளக்கியது. அந்த ஒரு வரிக்காகவே அவர் பணத்தை அனுப்பிவிடலாம் என்றார்.

அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். படிவத்தில் கொடுக்கப்பட்ட, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஆறு இலக்க சார்ட் கோடும் எட்டு இலக்கக் கணக்கு எண்ணும் வேறு யாரோ ஒருவருடையவை. டைரக்ட் டெபிட்டுக்குக் காகிதக் கையெழுத்து இன்று கட்டாயமில்லை. பணம் எடுக்கப் போகிறோம் என்று நாங்கள் முன்கூட்டியே அனுப்ப வேண்டிய அறிவிப்பும் படிவத்தில் உள்ள மின்னஞ்சலுக்கே, அதாவது திருடனுக்கே, போய்ச் சேரும். நாங்கள் அனுப்பும் 2,970 பவுண்ட் சில நொடிகளில் அவன் சொன்ன கணக்கை அடைந்து, அங்கிருந்து மறைந்துவிடும். உண்மையான கணக்குக்காரர் தம் கணக்கு அறிக்கையைப் பார்த்துத் திடுக்கிட்டு வங்கிக்குப் போவதற்குச் சில வாரங்கள் ஆகலாம். வங்கி அவருக்கு 3,000 பவுண்டையும் கொடுத்துவிட்டு எங்களிடம் வசூலிக்கும். ஒரே பணத்தை நாங்கள் இரண்டு முறை கொடுத்திருப்போம். இரண்டாவது முறை கொடுத்தது எங்கள் சொந்தப் பணமாக இருக்கும்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்குத்தான் திரும்பும் என்றும், அவசரமென்றால் அவருடைய வங்கியிலேயே உத்தரவாதத்தின்படி கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்றும் பதில் எழுதச் சொன்னேன். உண்மையில் தவறு செய்த நன்கொடையாளருக்கு இதைவிட விரைவான வழி கிடையாது. அவருக்கு ஒரு பென்னிகூட நட்டமில்லை. எங்களுக்கு வந்ததோ முதலில் கெஞ்சலும், அடுத்து வழக்குத் தொடர்வேன் என்ற மிரட்டலும். பிறகு எந்தக் கடிதமும் இல்லை. பழைய கணக்குக்கும் நாங்களாக எதையும் அனுப்பவில்லை, ஏனென்றால் நாங்கள் அனுப்பிய பிறகு கணக்குக்காரரும் வங்கியில் கேட்டால் இரட்டிப்பாகப் போய்விடும். சில வாரங்களில் வங்கியின் கோரிக்கை அறிவிப்பு வந்தது. மறுப்புத் தெரிவிக்கப் பதினான்கு வேலை நாட்கள் உண்டு. மறுக்க எங்களிடம் காரணம் ஏதுமில்லை. பணம் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

இதே உத்தரவாதத்தை வைத்து வேறு சில மோசடிகளும் நடக்கின்றன. இரண்டு ஆண்டுகள் உடற்பயிற்சிக் கூடத்தைப் பயன்படுத்திவிட்டு, நான் சம்மதிக்கவே இல்லை என்று எல்லாத் தவணைகளையும் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. இவர்கள் மீது கடன் பாக்கி என்று தனியே வழக்குப் போடலாம், ஆனால் சிறிய கடைக்காரருக்கு அது வழக்குச் செலவுக்கே கட்டாது. போலி வாகனக் காப்பீட்டுத் தரகர்கள், அடுத்தவர் கணக்கிலிருந்து தவணை போகுமாறு பாலிசி எடுத்து இளைஞர்களிடம் விற்கிறார்கள். கணக்குக்காரர் பணத்தை மீட்டதும் பாலிசி ரத்தாகி, காசு கொடுத்து வாங்கிய பையன் காப்பீடில்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

கணக்கு எண்ணை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது என்று நம்பியவர்களில் தொலைக்காட்சி புகழ் ஜெரெமி கிளார்க்சனும் ஒருவர். 2007 இறுதியில் அரசு வரித்துறை இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் கொண்ட வட்டுகளைத் தொலைத்தபோது, இதற்கா இவ்வளவு கூச்சல் என்று தம் வங்கி எண்ணைப் பத்திரிகையில் வெளியிட்டார். யாரோ ஒருவர் அதைக்கொண்டு ஒரு நீரிழிவுத் தொண்டு நிறுவனத்துக்கு 500 பவுண்ட் டைரக்ட் டெபிட் போட்டுவிட்டார். தாம் நினைத்தது தவறு என்று கிளார்க்சனே 2008 ஜனவரியில் எழுதினார்.

ஏமாந்து அனுப்பியவர்களுக்கு 2024 அக்டோபர் 7 முதல் ஓரளவு ஆறுதல் உண்டு. ஆண்டு வருமானம் பத்து லட்சம் பவுண்டுக்குக் குறைவான தொண்டு அமைப்புகளும் 85,000 பவுண்ட் வரை தங்கள் வங்கியிடம் ஈடு கேட்கலாம். ஆனால் மிகையான கவனக்குறைவு என்று வங்கி கருதினால் மறுக்க இடமிருக்கிறது.

இப்போது எங்கள் படிவம் மாதம் 200 பவுண்டுக்கு மேல் ஏற்பதில்லை. அதற்கு மேல் தர விரும்புபவரிடம் தொலைபேசியில் பேசுகிறோம். இருந்தாலும் அடிப்படை ஓட்டை அப்படியே இருக்கிறது. நான் ஒருவருக்குப் பணம் அனுப்பும்போது, கணக்கின் பெயர் பொருந்துகிறதா என்று வங்கியே பார்த்துச் சொல்லும் வசதி 2020 முதல் படிப்படியாக வந்துவிட்டது. பணம் எடுக்கும்போது எங்கள் படிவம் பார்த்ததோ, அந்த எண்கள் கணக்கு எண்களாக இருக்கக் கூடியவையா என்பதை மட்டும்தான். பணம் தருபவர் யாரென்று சரிபார்க்கும் பொறுப்பை விதிகள் எங்கள் மீதே வைக்கின்றன. பெயரைச் சரிபார்க்கும் சேவையை நாங்கள் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். ஏற்கெனவே கையில் இருக்கும் இந்தப் பெயர்ச் சரிபார்ப்பை, டைரக்ட் டெபிட் பதிவாகும் இடத்திலும் சிறிய அமைப்புகளுக்கு இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று எங்கள் வங்கிக்கு எழுதியிருக்கிறேன். இதே நிலையில் உள்ள மற்ற பொருளாளர்களும் தங்கள் வங்கிக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.